பொதுவெளியில் முதலில் சொன்ன நாள்

பதினொன்றாவது கட்டத்தில்தான் சிக்கல்.
அதுவரைக்கும் ஜெபமலரின் கையெழுத்து
கயிறு பிடித்து வரப்பு போட்டதுபோல் ஓடியிருந்தது:
கண்டுபிடிப்பின் பெயர். துறை. நெறியாளர்.
உயிரிப்பொருள் கிடைத்த இடம் –
ஏர்வாடி, செய்யது மசூதின் ரசகதலித் தோப்பு,
மூன்றாம் வரிசை, ஒன்பதாவது வாழை.

சுற்றி நின்றதெல்லாம் மஞ்சளடித்து
அடித்தண்டு பிளந்து சாய்ந்த வருஷம்
அது மட்டும் தார் போட்டு நின்றிருக்கிறது.
மசூது அதன் இடுப்பில்
யூரியாச் சாக்குக் கிழிசல் ஒன்றைக் கட்டிவைத்தார்.
மறுவருஷம் போனவள்
அதன் கன்றின் வேரடியில் கிள்ளிய மண்ணில்
வாடலை மல்லுக்கட்டி நிறுத்தும்
ஒரு நுண்ணுயிரைப் பிடித்துவந்தாள்.

கிழிசலைக் கட்டியவர் கண்டுபிடிப்பாளர் ஆவாரா?
கொள்கைக் கையேட்டைப் புரட்டினேன்.
அறுபது சதம் கண்டவர்களுக்கு,
நாற்பது பல்கலைக்கழகத்துக்கு.
'பொருள் வழங்கியவர்' என்று ஒரு வரி உண்டு,
நன்றியோடு முடிந்துவிடுகிறது.

கட்டம் பதினொன்று:
பொதுவெளியில் முதலில் சொன்ன நாள்.
அவள் எழுதியிருந்தாள் –
மார்ச் பதினாலு, மதியம், தோப்பில், மசூதிடம்.

நெறியாளர் அருணாசலவடிவு
ஜெனரேட்டர் சத்தத்தையும் மீறிக் கத்தினார்:
"'இல்லை'ன்னு போடுங்க.
வெள்ளிக்கிழமை புனேயிலேர்ந்து கம்பெனி வருது."
ஜெபமலர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்,
"அவரு மண்ணு சார்.
அவருகிட்ட சொல்லாம வேற யாருகிட்ட சொல்ல?"

தற்காலிக ஊழியன் நான்.
பிரிவு என்பது ஒரு மேசை, ஒரு பீரோ,
காற்றுக்காலத்தில் தானாய்த் திறந்துகொள்ளும் கதவு.
ஆனாலும் எனக்கு ஒரு வழி தெரிந்தது:
கேட்டவருக்கு அது ரகசியம் என்று தெரிந்திருந்தால்
புதுமை பிழைத்துக்கொள்ளும்.
ஏர்வாடிக்குப் போன் போட்டேன்.

"ரகசியமா? அப்படி ஒண்ணும் சொல்லலியே தம்பி.
தோப்புல நின்னுல்லா பேசுனோம்,
இலை அறுக்க வந்த பயலுவளும் இருந்தானுவ.
மண்ணுல நல்ல கிருமி இருக்குன்னு அந்தப் புள்ள சொல்லிச்சு.
மறுநாளே மாவடிக்காரர் வந்துட்டாரு.
ஆளுக்கொரு சட்டி மண்ணு அள்ளிக் குடுத்தேன்.
வாழை சாஞ்சு வந்து நிக்கவன்கிட்ட
வெலையா பேசச் சொல்லுதிய?"

எத்தனை பேருக்கு, என்றேன்.
களக்காடு வரைக்கும் என்றார்.
அதற்கப்புறம் அவருக்கும் தெரியாது.

தொழில்நுட்பப் பரிமாற்றம்
சிமெண்டுச் சாக்கில், டி.வி.எஸ். ஐம்பதின் பின்னால்,
முத்திரைத்தாள் இல்லாமல்
நாங்குநேரித் தாலுகாவைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"வெறும் மண்ணு பாதிதான் கேக்கும்" என்றாள் ஜெபமலர்.
"கிழங்குமாவுல பொடியாக்கினா எட்டு மாசம் உயிரோட இருக்கும்.
அத நான் யாருகிட்டயும் சொல்லல."
வடிவு சார் முதன்முறையாக உட்கார்ந்தார்.
பொடிக்கு மட்டும் விண்ணப்பம் என்று ஆனது.
கிருமியை விட்டுவிட்டோம்;
விட்டுவிட எங்கள் கையிலா இருந்தது அது?

உரிம வரைவில் அவள் பென்சிலால் ஒரு வரி சேர்த்தாள்:
ஏர்வாடி, களக்காடு விவசாயிகளுக்கு அடக்கவிலை.
வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரர் அதை அடித்தார்.
திங்கட்கிழமை மின்னஞ்சலில்
ஏர்வாடி மட்டும் திரும்பி வந்தது.
களக்காட்டுக்கு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பதினொன்றாம் கட்டம் இரண்டு அங்குலம்.
நான் தனித்தாள் இணைத்தேன்:
மார்ச் பதினாலு, பதினைந்து, பிறகு தினமும்.

நேற்று பேட்டை பஸ்ஸில்
கண்டக்டர் கையில் ஒரு கன்று வந்தது,
ஈரச்சாக்கு சுற்றி, என் பெயர் எழுதி.
விதிப்படி இதற்கு
பொருள் பரிமாற்ற ஒப்பந்தம் வேண்டும், மூன்று நகல்.
ஜெனரேட்டருக்குப் பின்னால்
நிழல் விழாத இடமாகப் பார்த்துக்
குழி தோண்டிக்கொண்டிருக்கிறேன்.